கார்டில் இருந்த முகவாய்க்கட்டை

ஃபீபி: மழை வேற பிடிச்சுக்கிச்சு. உனக்குத் தொண்டை வேற கட்டியிருக்கு. இன்னிக்கு ஒரு நாள் நீ போகலைன்னா டவுன் ஹால் கூரை இடிஞ்சா விழுந்துடும்?

ஹெஸ்டர்: தொண்டை எனக்குக் கட்டல. நீதான் காலையிலேருந்து கட்டியிருக்கு, கட்டியிருக்குன்னு சொல்லிட்டே இருக்க.

ஃபீபி: கரகரன்னு பேசுறியேக்கா.

ஹெஸ்டர்: உன்கூடப் பேசினா யாருக்கும் அப்படித்தான் வரும். அந்தத் தொப்பிய எடு.

ஃபீபி: எந்தத் தொப்பி?

ஹெஸ்டர்: ஏன், ஒன்பது தொப்பியா வச்சிருக்கேன்? இறகு வச்சது.

ஃபீபி: அது... நனைஞ்சு போச்சு.

ஹெஸ்டர்: மூணு நாளா அலமாரிக்குள்ள இருக்கிற தொப்பி எப்படிடீ நனையும்?

ஃபீபி: ஒழுகுது.

ஹெஸ்டர்: அலமாரிக்குள்ள மட்டும். ரொம்ப அக்கறையான மழை.

ஃபீபி: சரி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. பொம்பளைக்கு ஓட்டு வேண்டாம், பொம்பள வீட்டுலயே இருக்கணும்னு ஊர்ல ஒரு சங்கம் இருக்கு. அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் ஒரு பொம்பள.

ஹெஸ்டர்: ஆரம்பிச்சுட்டியா.

ஃபீபி: இரு, முடிக்கிறேன். வாரத்துல அஞ்சு சாயங்காலம் அவ வீட்டுலயே இருக்கிறதில்ல. எங்க உங்க அக்கான்னு கேக்க வர்றவங்ககிட்ட, பொம்பள வீட்டுலயே இருக்கணும்னு சொல்லிட்டு வரப் போயிருக்காங்கன்னு நான் பதில் சொல்றேன். எனக்கே வாய் கோணிக்குது.

ஹெஸ்டர்: உனக்குப் பொறந்ததுலேருந்து கோணல்தான். ஓட்டு கேக்குறவளே, நீ மட்டும் என்ன கிழிக்கிற? சந்தையில மீன்காரி பக்கத்துல நின்னு பத்திரிகை விக்கிற. போன சனிக்கிழமை மூணு வித்துச்சு. அதுல ஒண்ணு மீன்காரியே வாங்கினா, மீன் சுத்த.

ஃபீபி: மீன் சுத்தினாலும் வீட்டுல போய்ப் பிரிக்கிறப்போ படிப்பாங்கல்ல.

ஹெஸ்டர்: படிப்பாங்க. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு.

ஃபீபி: உங்க சங்கத் தலைவர் கர்னல் தோர்ப் பேசுறப்போ நாங்களும் அப்படித்தான் கேக்குறோம். ஆனா ஒண்ணு, போன மாசம் அவர் சொன்னாரே அந்த விளக்குக் கதை...

ஹெஸ்டர்: அதுக்கென்ன?

ஃபீபி: வீட்டுல எரியற விளக்கைத் தெருவுக்குத் தூக்கிட்டு வந்தா, தெருவும் வெளிச்சமாகாது, வீடும் இருட்டாப் போகும்னு. தெருவுக்குத்தான் தெருவிளக்கு இருக்கே கர்னல்னு கத்தணும்னு எழுந்தேன். அதுக்குள்ள ஹாலே கை தட்டுது. நானும் தட்டப் பார்த்தேன், பக்கத்துல இருந்தவ தொடையில கிள்ளிட்டா.

ஹெஸ்டர்: அவ்வளவு நல்லாவா இருந்துது?

ஃபீபி: கருத்து குப்பை. சொன்ன விதம் நல்லா இருந்துதுக்கா, பொய் சொல்லக் கூடாது. அந்த ஆளுக்கு எங்கேருந்து வருது அந்தப் பேச்சு? நம்ம வீட்டுல வந்து உக்காந்தா குதிரைக் குளம்பு, தன்னோட முழங்கால் வலி, இது ரெண்டைத் தவிர வேற பேசி நான் கேட்டதில்ல.

ஹெஸ்டர்: மேடை ஏறினா சிலருக்கு வரும்.

ஃபீபி: அவரைச் சொன்னா நீ ஏன் சிவக்குற?

ஹெஸ்டர்: அடுப்புப் பக்கம் நிக்கிறேன்ல. பேச்சை மாத்தாத. இன்னிக்கு மீட்டிங்குக்கு நீ வரப் போறதில்ல, சொல்லிட்டேன்.

ஃபீபி: நான் எதுக்கு வரப் போறேன்?

ஹெஸ்டர்: நடிக்காதடீ. நடுவுல எழுந்து கத்தறதுக்குத் திட்டம் போட்டிருக்கீங்க. கையில ஆட்ட ஒரு மணி வேற. அதை மாவுப் பானைக்குள்ள புதைச்சு வச்சா எனக்குத் தெரியாதா? காலையில ரொட்டிக்கு மாவு அள்ளினேன், டிங்குன்னுச்சு.

ஃபீபி: ...சரி, நான் வரல. நீயும் போகாத. ரெண்டு பேரும் வீட்டுலயே இருப்போம். சீட்டு விளையாடலாம்.

ஹெஸ்டர்: நான் போயே ஆகணும். அதுவும் ஜனம் வர்றதுக்கு முன்னாடி போகணும்.

ஃபீபி: முன்னாடி போய் என்ன பண்ணப் போற?

ஹெஸ்டர்: நாற்காலியெல்லாம்... துடைக்கணும்.

ஃபீபி: செயலாளரா நாற்காலி துடைப்பாங்க?

ஹெஸ்டர்: தூசி இருந்தா யாராவது துடைக்கணும்ல.

ஃபீபி: அக்கா... நாற்காலி மேல தூசியா இருக்கு?

ஹெஸ்டர்: வேற என்ன இருக்கும்?

ஃபீபி: தூசியில படம் போட்டிருக்குமா? கீழ எழுத்து வேற இருக்குமா?

ஹெஸ்டர்: உனக்கு யார் சொன்னா?

ஃபீபி: அச்சாபீஸ்ல வேலை பார்க்கிற பொண்ணு எங்க ஆளு. டவுன் ஹால்ல ஒவ்வொரு நாற்காலி மேலயும் ஒரு கேலிப்படத் தபால் கார்டு வைக்கப் போறாங்கன்னு நேத்தே சொல்லிட்டா.

ஹெஸ்டர்: அடக் கடவுளே. நீ அதைப் பார்க்கவே கூடாதுன்னுதானேடீ நான் இத்தனை நாள்...

ஃபீபி: நான் பார்க்கக் கூடாதா? நீ பார்க்கக் கூடாதுன்னுதானே நான்...

ஹெஸ்டர்: நான் பார்த்தா எனக்கென்ன?

ஃபீபி: எனக்கென்னவாம்?

ஹெஸ்டர்: ...இதைத்தானே சொல்ற? பாட்டுப் புத்தகத்துக்குள்ள வச்சிருந்தேன்.

ஃபீபி: இதேதான். என்னோடது ஏப்ரன் பையில.

ஹெஸ்டர்: மேசை மேல வை. ரெண்டும் ஒண்ணுதான். முழ நீளத்துக்கு முகவாய்க்கட்டை. மூக்கு நுனியில கண்ணாடி. இறகு வச்ச தொப்பி. குடையை ஈட்டி மாதிரி பிடிச்சுக்கிட்டு, ஸ்டூல் மேல ஏறி நின்னு ஒரு பூனைக்குப் பிரசங்கம் பண்றா. கீழ...

ஃபீபி: வாசிக்காத, விடு.

ஹெஸ்டர்: 'கட்டிக்க ஒருத்தனும் வரல. ஓட்டாவது குடுங்க.'

ஃபீபி: வாசிக்காதன்னு சொன்னேன்ல.

ஹெஸ்டர்: வருத்தப்படாத ஃபீபி. அப்படியே உன்ன மாதிரின்னு சொல்லிட முடியாது.

ஃபீபி: என்னை மாதிரியா?

ஹெஸ்டர்: முகவாய் மட்டும்தான். அது நம்ம அப்பா முகவாய், அதுக்கு நீ என்ன பண்ணுவ.

ஃபீபி: அக்கா, இது நான் இல்ல. நீ.

ஹெஸ்டர்: நானா? உனக்குக் கண்ணு போச்சா? ஓட்டு கேக்குறவ நீ. ஓட்டு வேண்டாங்கிறவ நான். ஓட்டு கேக்குறவளைக் கிண்டல் பண்ற கார்டுல நான் எதுக்கு வரப் போறேன்?

ஃபீபி: அது படம் போட்டவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். படத்துல மூக்குக்கண்ணாடியப் பாரு.

ஹெஸ்டர்: ஊர்ல பாதிப் பேர் கண்ணாடிதான் போட்டிருக்காங்க.

ஃபீபி: ஒரு பக்கக் காம்புல நூல் சுத்தின கண்ணாடி எத்தனை பேர் போட்டிருக்காங்க? உத்துப் பாரு. நூலைக்கூட விடல.

ஹெஸ்டர்: ...அது நிழலா இருக்கும்.

ஃபீபி: தொப்பி?

ஹெஸ்டர்: ஓ. அதான் அலமாரிக்குள்ள மழை பெஞ்சுதா.

ஃபீபி: ஆமா.

ஹெஸ்டர்: ஆனா முகவாய் உன்னோடதுதான். மூணு மடிப்பு. எனக்கு ரெண்டுதான்.

ஃபீபி: இப்போ அதை எண்ணுறதுதான் முக்கியம்.

ஹெஸ்டர்: இரு, உன்ன ஒண்ணு கேக்கணும். இந்த மாதிரிக் கார்டெல்லாம் தேடிப் பிடிச்சு ஆல்பத்துல ஒட்டி வச்சிருக்கவ தானே நீ? வாத்துக்குத் தொப்பி போட்டது, பொம்பள வாய்க்குப் பூட்டு போட்டது, எல்லாத்தையும் உன் ஆளுங்களோட உக்காந்து பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பியே. இதை மட்டும் ஏன் ஒட்டல?

ஃபீபி: அதெல்லாம் என்னைத் திட்டினது. சிரிக்கலாம். இது நீ. எனக்குச் சிரிப்பு வரல.

ஹெஸ்டர்: எங்க கிடைச்சுது உனக்கு?

ஃபீபி: நீ முதல்ல சொல்லு.

ஹெஸ்டர்: சர்ச் தெரு ஸ்டேஷனரிக் கடையில கம்பியில மாட்டியிருந்தான். வாங்கிட்டேன்.

ஃபீபி: ஒண்ணா?

ஹெஸ்டர்: இருந்ததெல்லாம்.

ஃபீபி: எல்லாத்தையுமா?

ஹெஸ்டர்: பின்ன, ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்னு விட்டுட்டு வரச் சொல்றியா? மறு வாரம் போனா மறுபடியும் மாட்டியிருக்கான். மறுபடியும் வாங்கினேன். 'சங்கத்துக்கா மிஸ் ஹெஸ்டர், ரொம்ப நல்ல காரியம்'னு பல்லை இளிக்கிறான். ஆமா ஆமான்னு வந்தேன். எல்லாம் கம்பளிப் பெட்டிக்கு அடியில கிடக்கு.

ஃபீபி: அய்யய்யோ.

ஹெஸ்டர்: என்னடீ?

ஃபீபி: நான் ரயிலடிக் கடையில பார்த்தேன்.

ஹெஸ்டர்: பார்த்து?

ஃபீபி: இருந்ததெல்லாம் வாங்கினேன்.

ஹெஸ்டர்: மறு வாரம்?

ஃபீபி: மறுபடியும் இருந்துது. மறுபடியும் வாங்கினேன்.

ஹெஸ்டர்: எங்க வச்சிருக்க?

ஃபீபி: வைக்கல. திங்கக்கிழமை துணி வேக வைக்கிற அண்டாவுக்கு அடியில போட்டுட்டேன்.

ஹெஸ்டர்: அதான் ரெண்டு மாசமா அண்டா அவ்வளவு சீக்கிரம் கொதிச்சுதா? நான் கரிக்காரனைக் கூப்பிட்டு, இப்போதான்யா ஒழுங்கான கரி போடுறன்னு பாராட்டினேன். அவன் பாவம், முழிச்சான்.

ஃபீபி: நாலு படுக்கை விரிப்பு, உன் ஃபிளானல் பாவாடை, எல்லாம் இவ முகத்துலதான் வெந்துது.

ஹெஸ்டர்: அப்போ... இந்த ஊர்ல இந்தக் கார்டை வாங்கினது யார் யாரு?

ஃபீபி: நீயும் நானும்.

ஹெஸ்டர்: வேற யாருமே வாங்கலையா?

ஃபீபி: கம்பியில தொங்க விட்டாத்தானே வேற யாராவது வாங்க. விக்குது விக்குதுன்னு அச்சடிக்கிறவன் மறுபடி மறுபடி அடிச்சுத் தள்ளியிருக்கான். ஊரே விரும்புதுன்னு உங்க சங்கமும் ஆயிரம் கார்டுக்கு ஆர்டர் குடுத்துடுச்சு.

ஹெஸ்டர்: என்கிட்ட கர்னல் ஒரு வார்த்தை கேக்கல. எல்லாம் முடிஞ்ச பிறகு, இன்னிக்குக் காலையில ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்.

ஃபீபி: கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவ. இப்போ புரியுதா நான் ஏன் போகாதங்கிறேன்னு? மேடையில கர்னல் பக்கத்து நாற்காலியில நீ உக்காந்திருப்ப. கீழ ஒவ்வொருத்தன் கையிலயும் கார்டு. ஒரு தடவ கார்டைப் பார்ப்பான், ஒரு தடவ உன்னைப் பார்ப்பான். அப்புறம் பக்கத்துல இருக்கிறவனை இடிப்பான். என்னால நினைச்சுப் பார்க்கவே முடியலக்கா.

ஹெஸ்டர்: கண்ணாடியக் கழட்டிட்டுப் போறேன்.

ஃபீபி: கழட்டினா மேடையிலேருந்து கீழ விழுவ. அப்புறம் அதுக்கும் ஒரு கார்டு போடுவார்.

ஹெஸ்டர்: யாரு போடுவார்?

ஃபீபி: தெரியாத மாதிரி கேக்காத. மூலையில நத்தை மாதிரி சுருட்டி ஒரு கையெழுத்து இருக்கு பாரு.

ஹெஸ்டர்: நத்தை யார் வேணாலும் போடலாம்.

ஃபீபி: போன கிறிஸ்மஸுக்கு நமக்கு ஒரு குருவி வரைஞ்சு குடுத்தாரே உங்க சங்கத்து மிஸ்டர் லம்லி, அதுக்கு அடியில என்ன இருக்கு? சுவத்துல மாட்டியிருக்கு, திரும்பிப் பாரு.

ஹெஸ்டர்: பார்க்க வேண்டாம். முதல் நாளே தெரியும் எனக்கு. உன்னை வச்சு வரைஞ்சிருக்கார்னுதான் நினைச்சேன். ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேக்கணும்னு இருப்பேன். கேக்கல.

ஃபீபி: ஏன் கேக்கல?

ஹெஸ்டர்: கேட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை வர மாட்டாரோன்னு பயம். அவ்வளவுதான். சொல்லிட்டேன், சிரிச்சுக்கோ.

ஃபீபி: சிரிக்கல.

ஹெஸ்டர்: ஆறு வருஷமா ஒரு மனுஷர் ஞாயித்துக்கிழமை தவறாம ஒரு வீட்டுக்கு டீ குடிக்க வந்தா ஊர் என்ன நினைக்கும்? ஊர் நினைச்சதைத்தான் நானும் நினைச்சேன்.

ஃபீபி: ...தட்டுற சத்தம் கேக்குதா? ரெண்டு தட்டு, ஒரு இருமல்.

ஹெஸ்டர்: அவர்தான். மீட்டிங்குக்கு என்னைக் கூட்டிட்டுப் போக வர்றதாச் சொன்னார். கார்டை ஒளி.

ஃபீபி: எங்க ஒளிக்கிறது?

ஹெஸ்டர்: அது மேலயே உக்காரு. ...வாங்க மிஸ்டர் லம்லி, கதவு திறந்துதான் இருக்கு.

லம்லி: வணக்கம், வணக்கம். என்ன மழை, என்ன மழை. ஆனா உள்ள நுழைஞ்சதும் இஞ்சி கேக்கு வாசனை. இதுக்காகவே நனையலாம்.

ஃபீபி: நேத்தைய கேக்கு.

லம்லி: இஞ்சி கேக்கு ஒரு நாள் வச்சுச் சாப்பிட்டாத்தான் ருசி. ஒரே ஒரு துண்டு. நேரம் இருக்கு. ம்ம்... மிஸ் ஹெஸ்டர், உங்க கைக்கு... ம்ம். இன்னிக்கு ஒரு சமாச்சாரம் சொல்லணும். இத்தனை நாள் அடக்கத்தால சொல்லாம இருந்துட்டேன்.

ஃபீபி: அடக்கத்தாலயா. சரி.

லம்லி: ஊரெல்லாம் ஒரு கார்டு பறக்குதே, பார்த்தீங்களா? பூனைக்குப் பிரசங்கம் பண்ற பொம்பள.

ஹெஸ்டர்: பார்த்த ஞாபகம்.

லம்லி: அது நான் போட்டது.

ஃபீபி: அட.

லம்லி: நம்ப மாட்டீங்கன்னு தெரியும். காஸ் கம்பெனிக் குமாஸ்தாவுக்குள்ள இப்படி ஒரு ஓவியனான்னு இருக்கும். எனக்கே ஆச்சரியம். கடைக்காரன் கம்பியில மாட்டிட்டுத் திரும்பறதுக்குள்ள காணாமப் போகுதாம். நம்ம ஆர்ம்ஸ்டன் ஊர்ல இதுவரைக்கும் எந்தக் கார்டும் இப்படிப் போனதில்லையாம். ஜனங்க மனசைத் தொட்டுட்டேன் மிஸ் ஹெஸ்டர்.

ஃபீபி: தொட்டுட்டீங்க.

லம்லி: இப்போ எந்த வீட்டுல போய்த் தேடினாலும் ஒண்ணாவது கிடைக்கும்.

ஃபீபி: சில வீட்டுல நிறையவே கிடைக்கும்.

லம்லி: கிடைக்கும், கிடைக்கும். நீங்க ஓட்டு கேக்குற கூட்டம், ஆனாலும் பெருந்தன்மையா சொல்றீங்க பாருங்க.

ஹெஸ்டர்: அந்த முகம் யாரோடது?

லம்லி: முகமா? யாரோடதும் இல்ல.

ஹெஸ்டர்: யாரோடதும் இல்லாம ஒரு முகம் வருமா?

லம்லி: ஓவியன் அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் பொறுக்கிக்குவான். உண்மையச் சொல்லணும்னா, இந்த மேசையில உக்காந்துதான் பென்சில்ல முதல்ல போட்டுப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமையில. நீங்க கேக்கு வெட்டிட்டு இருப்பீங்க. மிஸ் ஃபீபி ஜன்னல் பக்கம் உக்காந்து மந்திரிகளைத் திட்டிட்டு இருப்பாங்க. கண்ணாடி இந்தப் பக்கம் கிடைச்சுது. முகவாய் அந்தப் பக்கம் கிடைச்சுது. சேர்த்து வச்சேன், அப்படியே உக்காந்துக்கிச்சு.

ஃபீபி: சேர்த்து வச்சீங்க.

ஹெஸ்டர்: தொப்பி?

லம்லி: தொப்பி அந்த ஆணியில தொங்கிட்டு இருந்துது.

ஹெஸ்டர்: நான் உங்க பக்கம் ஆச்சே மிஸ்டர் லம்லி. ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?

லம்லி: நம்ம பக்கம்ங்கிறதாலதான் கேக்கவே தோணல. அடுத்தவங்கன்னா கேக்கணும். நீங்க நம்ம ஆளு, நீங்களா கோவிச்சுக்கப் போறீங்க? இப்போ பாருங்க, கிறிஸ்மஸுக்கு இதே பொம்பளைக்கு ஒரு தங்கச்சியும் சேர்த்துப் போடுங்கன்னு அச்சடிக்கிறவர் கேக்குறார்.

ஃபீபி: தங்கச்சிக்கு முகவாய் எங்கேருந்து எடுப்பீங்க? இருந்த ஒண்ணையும் செலவழிச்சாச்சே.

லம்லி: ஹா... மிஸ் ஃபீபி, உங்க வாய் இருக்கே. இன்னொரு சமாச்சாரமும் இருக்கு. இதைச் சொல்லத்தான் கொஞ்சம் சீக்கிரமா வந்தேன். கார்டு இப்படிப் போகவும் எனக்குத் தைரியமே வந்துடுச்சு. ஒரு மோதிரம் வாங்கிட்டேன்.

ஹெஸ்டர்: மோதிரமா?

லம்லி: ஆறு வருஷமா சொந்த வீடு மாதிரி வந்து போற இடம். முதல்ல இங்கதான் சொல்லணும்னு...

ஹெஸ்டர்: டீ ஆறுது மிஸ்டர் லம்லி. குடிங்க. குடிச்சுட்டுச் சொல்லுங்க.

லம்லி: ரயிலடிக் கடையில இருக்காளே மிஸ் பின்ஸ், தெரியுமா?

ஃபீபி: எனக்குத் தெரியும்.

லம்லி: வாராவாரம் அவதான் சொல்லுவா. உங்க கார்டு மறுபடியும் தீர்ந்துடுச்சு மிஸ்டர் லம்லின்னு. சொல்றப்போ அவ கண்ணைப் பார்க்கணும் நீங்க. அப்படி யார்தான் வாங்கறாங்கன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டா. சிரிப்பா.

ஃபீபி: நல்ல பொண்ணு. வாயைத் திறக்க மாட்டா.

லம்லி: சரியாச் சொன்னீங்க. அந்தக் குணம்தான் எனக்குப் பிடிச்சுது.

ஹெஸ்டர்: நல்லா இருங்க மிஸ்டர் லம்லி.

லம்லி: ரொம்ப நன்றி. உங்க வாழ்த்துதான் எனக்கு முக்கியம். சரி, கிளம்பலாமா? வண்டி வெளியில நிக்குது. கர்னல் ரெண்டு தடவ ஆள் அனுப்பிட்டார். அப்புறம்... அது தயாரா?

ஹெஸ்டர்: எது?

லம்லி: அதான், வழக்கமா நீங்க குடுத்து அனுப்புறது.

ஃபீபி: எது, கேக்கா? கர்னலுக்கும் இங்கேருந்துதான் போகுதா?

லம்லி: ஆமா... கேக்குதான். கேக்கு மாதிரிதான்.

ஹெஸ்டர்: இன்னிக்குச் சரியா வேகல.

லம்லி: வேகலையா? பாதியாவது...

ஹெஸ்டர்: வெறும் மாவாத்தான் இருக்கு.

லம்லி: மிஸ் ஹெஸ்டர், விளையாடாதீங்க. ஹால் நிறைய ஜனம். லீட்ஸ்லேருந்து பத்திரிகைக்காரங்க வேற வந்திருக்காங்க. கர்னல் எழுந்து நிக்கணும்.

ஹெஸ்டர்: நிக்கட்டும். முழங்கால் வலி இல்லைன்னா நிக்கட்டும். எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. காலையிலேருந்து ஃபீபி சொல்லிட்டே இருக்கா. மழையும் விடற மாதிரி இல்ல. நான் வரல.

லம்லி: நீங்க வரலைன்னா எப்படி? மேடையில உங்க நாற்காலி காலியா இருக்குமே.

ஹெஸ்டர்: மத்த நாற்காலியிலயெல்லாம் பாதி நான் இருக்கேனே. மீதி என் தங்கச்சி. அது போதாதா?

லம்லி: ...மிஸ் ஹெஸ்டர், நான் வேணும்னு...

ஹெஸ்டர்: கையில இருக்கிற துண்டைத் தட்டுல வச்சுடுங்க.

லம்லி: எதை?

ஹெஸ்டர்: கேக்கை. அப்படி. கதவை இழுத்துச் சாத்திட்டுப் போங்க, குளிர் உள்ள வருது.

லம்லி: கர்னல்கிட்ட நான் என்னன்னு சொல்றது?

ஹெஸ்டர்: எதையாவது அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் பொறுக்கிச் சொல்லுங்க. உங்களுக்கா தெரியாது.

ஃபீபி: ...போயிட்டார். குடையக்கூட இங்கயே விட்டுட்டு ஓடறார் பாரு, மழையில.

ஹெஸ்டர்: நனையட்டும்.

ஃபீபி: அக்கா... அழறியா?

ஹெஸ்டர்: கண்ணாடியில ஆவி.

ஃபீபி: டீ ஆறி எவ்வளவு நேரமாச்சு, அதுல ஏது ஆவி.

ஹெஸ்டர்: ஆமா, அழறேன். சனிக்கிழமை சனிக்கிழமை அடுப்பு முன்னாடி நின்னேன்டீ. ஞாயித்துக்கிழமைக்குன்னு அம்மாவோட நல்ல மேசைத்துணிய விரிச்சேன். அவர் யாரைக் கட்டிக்கிட்டாலும் போகட்டும், துக்கம் அதுக்கில்ல. என் முகத்தை ஒரு மனுஷன் இவ்வளவு உத்துப் பார்க்கிறாரேன்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் இருந்துது. உத்துத்தான் பார்த்திருக்கார். நூலைக்கூட விடாம.

ஃபீபி: இங்க வா. வந்து உக்காரு. அந்த மோதிரத்துல பாதி என் காசு, அதை நினைச்சா எனக்கும் அழணும் போல இருக்கு.

ஹெஸ்டர்: மீதிப் பாதி என்னோடது. மிஸ் பின்ஸுக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து நிச்சயம் பண்ணி வச்சிருக்கோம்.

ஃபீபி: கல்யாணத்துக்குக் கூப்பிட்டா அந்தத் தொப்பியப் போட்டுட்டுப் போ.

ஹெஸ்டர்: நனைஞ்சு போச்சுன்னு சொன்ன.

ஃபீபி: காஞ்சுடும். அக்கா, பேசாம எங்க பக்கம் வந்துடேன்.

ஹெஸ்டர்: மாட்டேன். உங்க மேடைப் பேச்சைக் காது குடுத்துக் கேக்க முடியல. ஆரம்பிச்ச வாக்கியத்தை ஒருத்தியும் ஒழுங்கா முடிக்கிறதில்ல. ஜனம் எந்த இடத்துல கை தட்டணும்னே தெரியாம உக்காந்திருக்கு.

ஃபீபி: ஆமா, எல்லாருக்கும் கர்னல் மாதிரி வருமா? அது சரி... ஒரு கேக்கு வேகலைன்னதுக்கு லம்லி மூஞ்சி ஏன் அப்படி வெளுத்துச்சு?

ஹெஸ்டர்: அது கேக்கு இல்ல.

ஃபீபி: பின்ன?

ஹெஸ்டர்: அந்த விளக்குக் கதை நல்லா இருந்துதுன்னு சொன்னியே, நிஜமாத்தான் சொன்னியா?

ஃபீபி: நிஜமாத்தான். ஏன்... அக்கா. கொஞ்சம் என்னைப் பாரு. அதை எழுதினது நீயா?

ஹெஸ்டர்: கருத்து குப்பைன்னும் சொன்ன. அதையும் கேட்டுக்கிட்டேன்.

ஃபீபி: ஆறு வருஷமாவா? எல்லாமேவா?

ஹெஸ்டர்: நடுவுல குதிரை வந்துதுன்னா அது மட்டும் அவரோட சொந்தச் சரக்கு.

ஃபீபி: நான் எழுந்து கத்தினதெல்லாம் உன்னைப் பார்த்தா? இன்னிக்குப் பேச்சு எங்க?

ஹெஸ்டர்: எழுதி முடிச்சு மெத்தைக்கு அடியில வச்சிருக்கேன். திங்கக்கிழமை அண்டாவுக்கு எடுத்துக்கோ, கம்பளிப் பெட்டியில இருக்கிறதையும் சேர்த்து.

ஃபீபி: அப்போ இன்னிக்கு எழுந்து நின்னு அந்த ஆள் என்ன பேசுவார்?

ஹெஸ்டர்: பொம்பளைக்கு வீடுதான் இடம்னு ஆரம்பிப்பார். அது எழுதிக் குடுக்காமலே அவருக்கு வரும்.

ஃபீபி: அதுக்கு அப்புறம்?

ஹெஸ்டர்: அப்புறத்துக்கு நான் வேணும். நான்தான் வீட்டுல இருக்கேனே.